ஈயம் ஊற்றிய கை

பிஷ்கெக்கின் ஓரத்தில், நிலக்கரிப் புகை படிந்த மண்வீட்டு வரிசையில் சைராகுலைத் தெரியாதவர்கள் இல்லை. பகலில் சந்தையில் வண்டி தள்ளித் தேநீர் விற்பாள். சாயங்காலம் பயந்த பிள்ளைகளுக்குப் பயம் தெளிய ஈயம் ஊற்றுவாள். பிள்ளையின் தலைக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து, உருக்கிய ஈயத்தை அதில் ஊற்றினால் சுரீரென்று உறையும். உறைந்த உருவத்தைப் பார்த்து, பிள்ளை பயந்தது நாயைக் கண்டா, குடித்துவிட்டு வந்த அப்பனைக் கண்டா என்று சொல்லிவிடுவாள். ஈயத்துக்காகப் பழைய கார் பேட்டரிகளை உடைத்துக் கட்டிலடியில் வைத்திருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய ஆறு வயது மகள் ஐசிரெக்குக்கு வயிற்றுவலி வந்தது. படித்த எழுத்து மறுநாளே மறந்தது. ஏதோ நாய் துரத்தியிருக்கிறது என்று நினைத்த சைராகுல், குளிருக்கு ஜன்னல் இடுக்கில் துணி அடைத்த அறையில், வாரம் மூன்று முறை ஊற்றினாள். வலி கூடியது.

ஆஸ்பத்திரியில் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா கேட்டாள்: “வீட்டுல ஈயம் ஏதாச்சும் உருக்குறீங்களா?”

சைராகுல் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அன்றே பேட்டரிகளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்து, தரையை மூன்று முறை கழுவினாள்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுத் துர்சுனாய் கைக்குழந்தையோடு வந்தாள்.

“அக்கா, ஓயாம வீல் வீல்னு கத்துறான். ஒரு கரண்டி ஊத்திவிடு.”

“மாட்டேன்டி. அது விஷம். என் புள்ள ரத்தத்துலயே ஏறிக் கிடக்கு.”

“என் மூத்தவனுக்கு நீதான ஊத்துன? அப்ப மட்டும் தேனா இருந்துச்சா?”

மூத்தவனுக்கு நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. சைராகுலுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

“மூதாதைங்க குடுத்த வரம்க்கா. வேணாம்னு தள்ளுனா வீட்டுப் புள்ளையத்தான் புடிக்கும்.”

“நான் விடுறதுக்கு முன்னாடியே அவளுக்கு வந்துருச்சுடி!”

“மனசுல முன்னாடியே விட்டிருப்ப.”

படுக்கையிலிருந்து ஐசிரெக் முனகினாள்: “ஊத்தும்மா. தம்பி பாவம். எனக்கும் ஊத்து, சரியாயிரும்.”

சைராகுல் போர்வையை இழுத்து மகளுக்குப் போர்த்தினாள். துர்சுனாய் வாசலில் துப்பிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் நடுச்சுவர் வழியாக ஈயம் உருகும் வாடை வந்தது. சைராகுல் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

“போ அக்கா! வரம் உனக்கு மட்டும்தானா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கதவு திறக்கவில்லை. ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்திருந்தது. படியோரம், சைராகுல் இரும்புக் கடையில் போட்ட பேட்டரியின் உடைந்த ஓடு காலியாகக் கிடந்தது.