ரோபோட்டுக்கு வைத்த பொட்டு

போன சனிக்கிழமை மகளை ரோபோட்டிக்ஸ் வகுப்பிலிருந்து அழைத்துவரப் போயிருந்தேன். குருபோங்கில் ஒரு கடைவீட்டு மாடி. பிள்ளைகள் ஆளுக்கொரு ரோபோட் வண்டியும் ஆளுக்கொரு லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் தன் வண்டியின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைக்கப் போனாள். "ஏய், வெரலால தொடைக்காத லா! அழுக்கு உள்ள போயிடும். சும்மா ஊது," என்றாள் வகுப்பு நடத்தும் பெண். அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. திரும்பும் வழியில் கிளேபாங் கடற்கரையில் நிறுத்தித் தேங்காய் ஷேக் வாங்கினோம். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே குருபோங்கில்தான் தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தேன். வீடு சிம்பாங் அம்பாட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில். விடியுமுன்னே கம்பெனி பஸ். எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. வீடு திரும்பினால் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவார். அந்தச் சமயத்தில்தான் புது மெஷின்கள் வருகின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ள உங்களிலிருந்தே நாலு பேரை டெக்னீஷியன் ஆக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆறு வாரப் பயிற்சி, முடிவில் ஒரு பரீட்சை. டெக்னீஷியனுக்கு உட்கார நாற்காலி உண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாற்காலிக்காகத்தான் பெயர் கொடுத்தேன்.

பயிற்சி கொடுத்தவர் அஸ்மான் என்ற மலாய்க்காரர். தங்கமான மனிதர்தான். ஆனால் என்ன சந்தேகம் கேட்டாலும் ஒரே பதில், "சூபா லாகி." இன்னொரு தடவை செய்து பார் என்று அர்த்தம். நான் என்ன, செய்து பார்க்காமலா அவரிடம் போய் நிற்கிறேன்! மேசைமேல் கையகல வண்டி ஒன்று இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். முன்பக்கம் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குள் சென்சார். எதிரே தடை வந்தால் வண்டி தானாக நின்று திரும்பிப் போக வேண்டும். அதற்குக் கணினித் திரையில் கலர் கலரான கட்டங்களை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோக்க வேண்டும். 'தடை தெரிந்தால்' என்று ஒரு கட்டம், 'நில்' என்று ஒன்று, 'இடப்பக்கம் திரும்பு' என்று இன்னொன்று. சின்னப் பிள்ளை விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். மவுஸைத் தொட்டே பார்க்காத கை என் கை. இழுத்த கட்டம் பாதி வழியில் நழுவிப் போய் வேறெங்கோ ஒட்டிக்கொள்ளும். மூன்று பேருக்கு ஒரு கணினி. என் முறை வருவதற்குள் பஸ் ஹார்ன் அடித்துவிடும். எரிச்சல் தாங்காமல் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறேன்.

வீட்டில் கணினிக்கு எங்கே போவது? பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து, கட்டங்களை எழுதி, தரையில் அடுக்கிப் பழகினேன். பால்மரம் சீவிவிட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்னா பாப்பா, சீட்டாட்டமா?"

"ரோபோட்டுப்பா! மிதிச்சிறாதீங்க!"

பாவம், அன்றிலிருந்து அவர் சுவரோரமாகவே நடந்தார்.

பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, புரோகிராமை ஏற்றிய வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக விட்டார்கள். சிமெண்டுத் தரையில் பிஸ்கட் டின்களை நிறுத்தி ஓடவிட்டேன். முதல் டின்னுக்கு முன்னால் நின்றது, திரும்பியது, போனது. ஒரு டின்னைக்கூட இடிக்கவில்லை. அப்பா குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குக் கண்ணு இருக்கா?" என்று கேட்டார். ஓட்டையைக் காட்டி, "இதான்பா கண்ணு," என்றேன். அவர் அதை நெருங்கிப் பார்த்துவிட்டு எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூட்டிவந்துவிட்டார்.

மறுநாள் ஆயுத பூஜை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பார்த்தால், பால் சீவுகிற கத்திக்கும் அம்மாவின் தையல் மெஷினுக்கும் நடுவில் என் வண்டி பட்டையும் பொட்டுமாக உட்கார்ந்திருக்கிறது! பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது, அதற்கும் ஓய்வு வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்த நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். காலையில் அப்பா புதிதாகச் சந்தனம் குழைத்து வண்டிக்கு இன்னொரு பொட்டு வைத்து என் கையில் கொடுத்தார். "கண்ணுக்கு மேல வச்சிருக்கேன். நல்லா பாக்கும், தைரியமா போ."

பஸ்ஸில் கூட வேலை செய்யும் பிள்ளைகள் விடுவார்களா? "என்னாடி, ஒன் ரோபோட்டுக்குக் கல்யாணமா?" என்று ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று. அஸ்மான் பார்த்தால் என்ன நினைப்பார்? ஈரப் பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

பரீட்சையில் மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் வண்டி நேரே போய்ப் பெட்டியில் டமாலென்று முட்டியது. "சூபா லாகி." இரண்டாவதிலும் அதே பெட்டி, அதே இடி. புத்தி கெட்ட நான், சரியாக இருந்த புரோகிராமைப் பிய்த்துக் கட்டங்களை மாற்றி மாற்றிக் கோத்தேன். மூன்றாவது வாய்ப்பில் அது நின்ற இடத்திலேயே சுற்றியது. என்னை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு அஸ்மான் என்னை உள்ளே கூப்பிட்டு, வண்டியை டார்ச் அடித்துப் பார்த்து, பல்குச்சியால் அந்த ஓட்டையைக் கிண்டினார். மஞ்சளாக வந்தது. இது என்ன என்று மோந்து பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்குப் போய் அப்பாமேல் பாய்ந்தேன்.

"உங்க சந்தனத்தாலதான் என் வேல போச்சு!"

"கண்ணுல வைக்கலியே பாப்பா. மேலதான் வச்சேன்."

"பொய் சொல்லாதீங்க!"

அடுத்த வருஷ ஆயுத பூஜையில் கத்தி, தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது. என் பொருள் எதையும் அவர் தொடவில்லை. பிறகு நான் மாலை வகுப்பில் படித்து, வேறொரு கம்பெனியில் டெக்னீஷியனாகி, நாற்காலியில் உட்கார்ந்து, காரும் வாங்கினேன். காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். "நீயே வச்சிக்க பாப்பா. எங்க வைக்கணும்னு எனக்குத் தெரியாது." வீம்பு பிடித்த நான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டேன்.

கிளேபாங்கில் தேங்காய் ஷேக் உருகிக்கொண்டிருக்க, என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டைக்கு மேலேதான் அப்பா பொட்டு வைத்திருக்கிறார். உள்ளே தள்ளியது இந்த விரல். கால் நூற்றாண்டாக அது என் கையிலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தொழிற்சாலை இப்போது யாருடைய கிடங்கோ. எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அப்பா போய் எட்டு வருஷம். அந்தக் காருக்குப் பிறகு இரண்டு கார் மாற்றிவிட்டேன். ஒன்றுக்கும் பொட்டு வைத்ததில்லை.