எஞ்சின் இல்லாத எட்டு மைல்

ஆர்விட் நீமி முப்பத்தெட்டு வருஷம் மர லாரி ஓட்டியவர். மிச்சிகனின் வடகோடியில், இஷ்பெமிங்கைச் சுற்றியுள்ள காடுகளில் வெட்டிய மரத்தை ஏற்றிக்கொண்டு, பனி கொட்டும் ஜனவரியிலும் காகித ஆலைக்குப் போய்த் திரும்புவார். ஒரு தடவைகூட அவர் வண்டி பள்ளத்தில் இறங்கியதில்லை. ஊரில் யார் வண்டி வாங்கினாலும் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் எதையும் திறந்து பார்க்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். தலையை ஆட்டினால் வண்டி தேறியது என்று அர்த்தம்.

எழுபத்திரண்டாவது வயதில் அவர் கண் கெட்டது. ஓரங்கள் தெரியும், நேரே பார்க்கும் இடத்தில் மட்டும் ஒரு சாம்பல் திட்டு. எதிரே நிற்பவரின் காதும் தோளும் தெரியும், முகம் தெரியாது. இனி வண்டியைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று, ஆர்விட் நேரே வெளியே போய், காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து ஸ்டீயரிங் அவர் மனைவி மார்லிஸின் கைக்குப் போயிற்று. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். கார் ஓட்டுவாள், ஆனால் ஓய்வுக்குப் பிறகு இருவரும் ஆசைப்பட்டு வாங்கிய வீட்டு வண்டியை அவள் தொட்டதே இல்லை. அடுப்பு, கட்டில், கழிவறை என்று எல்லாவற்றையும் வயிற்றில் வைத்திருக்கும் இருபத்துநாலடி வண்டி அது. சர்ச் மைதானத்தில் இரண்டு குப்பைத் தொட்டிகளைச் சாய்த்து அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

வண்டியை இலையுதிர் காலத்தில் விற்றுவிடுவதென்று முடிவாயிற்று. அதற்கு முன், ஜூன் மாதத்தில், பெரிய ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று கிளம்பினார்கள். கிளம்பிய நாள் முதல் ஆர்விட் வாயை மூடவில்லை.

"பிரேக்கை ஏன் அப்படி மிதிக்கிறே? அது என்ன கரப்பான்பூச்சியா?"

"இன்னொரு வார்த்தை பேசினே, பின்னாடி கட்டில்ல போய்ப் படுக்கச் சொல்லிடுவேன்."

படகுத் துறை ஊரான செயின்ட் இக்னஸில் வண்டியை நிறுத்திய அன்று சாயங்காலம் மார்லிஸ் சொன்னாள்: "நாளைக்கு மேக்கினா தீவுக்குப் போயிட்டு வரலாம்."

"அங்கே என்ன இருக்கு? ஒரு கார்கூடக் கிடையாது, வெறும் குதிரையும் சைக்கிளும்தான்."

"இதையேதான் அன்னைக்கும் சொன்னே."

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று அவருக்குத் தெரியும்.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன், கல்யாணமாகி எட்டாம் நாள் அது. ஒரு பழைய பிக்கப் லாரியின் முதுகில் ஆர்விட் தன் கையாலேயே பலகை அடித்து ஒரு அறை கட்டியிருந்தார். உள்ளே ஒரு மெத்தை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. உட்கார்ந்தால் தலை இடிக்கும். அதில்தான் தேனிலவு. அதைத் துறையில் நிறுத்திவிட்டுப் படகேறித் தீவுக்கு வந்தார்கள். வந்த பிறகு ஆர்விடுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுக்குச் சரியான பூட்டில்லை, யாராவது புகுந்துவிட்டால்? எட்டு மைல்தான், சைக்கிளில் தீவைச் சுற்றலாம் என்று மார்லிஸ் கூப்பிட்டாள். "நீ போயிட்டு வா" என்றார். அவள் தனியாகவே போனாள். அவர் படகுத் துறையில் உட்கார்ந்து அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையே ஒரு கோடாகத்தான் தெரிந்தது. வண்டி எங்கே தெரியப்போகிறது? மூன்று மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். கையிலிருந்த ஒரு பெட்டி ஃபட்ஜ் மிட்டாயையும் அவர் கண்ணெதிரே உட்கார்ந்து, ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் தின்று தீர்த்தாள்.

மறுநாள் காலை படகிலிருந்து இறங்கியதுமே குதிரைச் சாணமும் லைலாக் பூவும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. அது மாறவேயில்லை. ஆர்விட் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு இருபத்தாறு வயது திரும்பி வந்தது போலிருந்தது. பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட அன்றைய மார்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதாகவே தோன்றியது.

வாடகைக் கடையில் இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிள் எடுத்தார்கள். மார்லிஸ் முன்னால், அவர் பின்னால்.

"மிதிக்கிறியா, சும்மா சவாரி வர்றியா?" என்றாள் அவள், அரை மைல் தாண்டியதும்.

"வண்டியை யாரு ஓட்டுறாங்களோ அவங்கதான் மிதிக்கணும்."

"அப்படியே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். வழி எனக்குத் தெரியும். தனியாப் போய்ப் பழக்கம்."

தீவின் மறுபக்கத்தில், ஆளரவமில்லாத ஒரு கூழாங்கல் கரையில் நிறுத்தி, வண்டி அடுப்பில் சுட்டுக் கொண்டுவந்த, இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டியை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுச் சாப்பிட்டார்கள். ஏரி சத்தமில்லாமல் கல்லை நனைத்துக்கொண்டிருந்தது.

"இந்த இடத்திலதான் அன்னைக்கு நின்னேன்" என்றாள் மார்லிஸ். "உக்காந்து அழுதேன். இந்த ஆளுக்கு நான் ஒரு பொருட்டே இல்ல, வண்டிதான் பெரிசு, ஊருக்குப் போனதும் அம்மா வீட்டுக்குப் போயிடணும்னு நெனச்சேன்."

ஆர்விட் தின்பதை நிறுத்தினார். "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"ஊருக்குப் போனதும் உனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. கஞ்சி வெச்சுக் குடுத்தேன். அப்புறம் மறந்துபோச்சு."

"நான் மறக்கல" என்றார் அவர். "அன்னைக்கு வண்டிக்காக மட்டும் உக்காரல, மார்லிஸ். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அது போச்சுன்னா நீ எதுக்கு என்கூட இருப்பேன்னு பயம். இப்பவும் அதே பயந்தான்."

"முட்டாள்" என்றாள் அவள். அவளுடைய முகம் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் குரல் தழுதழுத்தது காதில் விழுந்தது.

ஆர்விட் எழுந்து சைக்கிள் பக்கம் போய்க் கேட்டார்: "முன்னாடி நான் உக்காரட்டுமா?"

அவள் பாதையைப் பார்த்தாள். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் காடு. அரசாங்கக் கணக்கில் அது ஒரு நெடுஞ்சாலை. ஆனால் அதில் மோட்டார் வண்டி எதுவும் வராது. "கொன்னுடாதே" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

முதல் நூறடி சைக்கிள் பாம்பாக நெளிந்தது. "வலது, வலது! உன் முதுகு களஞ்சியக் கதவு மாதிரி இருக்கு, எனக்கு ஒண்ணும் தெரியல!" என்று கத்தினாள். பிறகு ஆர்விட் நேரே பார்ப்பதை விட்டுவிட்டார். சாலையின் இரண்டு ஓரங்களும் கடைக்கண்ணில் ஓடி வந்தன. அவருக்கு அது போதுமாக இருந்தது. பனிமூட்டத்தில் லாரி ஓட்டியதும் இப்படித்தான். சைக்கிள் நிமிர்ந்தது. காற்று முகத்தில் அடித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு சாலை அவர் கைக்கு அடங்கி ஓடியது.

திடீரென்று அவர் பிரேக்கைப் பிடித்து ஓரம் கட்டினார். "குதிரை வண்டி வருது. ரெண்டு குதிரை."

"எங்கே? ஒண்ணையும் காணோம்."

வளைவுக்குப் பின்னாலிருந்து வைக்கோல் ஏற்றிய வண்டி வந்தது. பக்கத்தில் வந்ததும் ஆர்விட் குரல் கொடுத்தார்: "உன் குதிரையில ஒண்ணுக்கு லாடம் தளர்ந்திருக்கு, பாரு!"

வண்டிக்காரன் சிரித்துக்கொண்டே இறங்கி, ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "ஆமா பெரியவரே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என் புருஷன் டிரைவர்" என்றாள் மார்லிஸ்.

மீதி மூன்றரை மைலும் அவர்தான் ஓட்டினார். ஊர் நெருங்கிக் கூட்டம் தெரிந்ததும் தானாகவே இறங்கி, கைப்பிடியை அவளிடம் கொடுத்தார். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டு வண்டியை அக்டோபரில் ஒரு இளம் தம்பதி வாங்கிப் போனார்கள். அடுத்த வசந்தத்தில் நீமி வீட்டு வாசலில் பச்சை நிறத்தில் ஒரு இரட்டை சைக்கிள் நின்றது. இஷ்பெமிங்கில் பழைய ரயில் பாதையை இழுத்து மூடி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போட்டிருக்கிறார்கள். அங்கே மோட்டார் வண்டி நடமாட்டம் கிடையாது. பனி கரைந்த பிறகு அந்தப் பக்கம் போகிறவர்கள் தினமும் இருவரையும் பார்க்கலாம். நேர்ப் பாதையில் ஆர்விட் முன்னால். சாலையைக் கடக்கும் இடம் வந்தால் மார்லிஸ் முன்னால். யார் முன்னால் இருந்தாலும் பின்னால் இருப்பவர்தான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு வருவார்.