தாவூத் உட்கார்ந்த நாள்

பூதலூர் ரயிலடிப் பக்கம் புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். வெயிலுக்குப் பயந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்ததுமே ரப்பர் விரிப்பும் வலித் தைலமும் கலந்த அந்தப் பழைய வாசனை மூக்கில் ஏறியது. பயிற்சியாளர் தம்பி என் இரண்டு கையிலும் எடையைக் கொடுத்து, "இதுக்குப் பேரு ஃபார்மர்ஸ் வாக், அங்கிள். விவசாயி நடை. முதுக நிமித்துங்க" என்றார். நிமிர்த்தினேன். இந்தத் தம்பியின் வேலையை வளைகுடாவில் பல வருஷம் சம்பளத்துக்குச் செய்தவன் நான் என்று சொல்ல நாக்கு துடித்தது. இந்தத் தொப்பையோடு சொன்னால் யார் நம்புவார்கள்?

விவசாயி நடையாம்! எங்கள் ஊரில் விவசாயி என்று அரசாங்கப் படிவங்களில் எழுதிக்கொண்டவர் மிராசுதார். அவர் வரப்பில் குடை பிடித்து நடப்பார். சுமந்து நடந்தவர்களுக்குக் கூலியாள் என்று பெயர். என் அம்மா அவர்களில் ஒருத்தி. ஆனால் 'கூலியாள் நடை' என்று போர்டு வைத்தால் எவர் காசு கட்டிச் சேருவார்?

உடற்கல்விப் பட்டத்தையும் குண்டெறிந்து வாங்கிய கோப்பைகளையும் காட்டித்தான் வளைகுடாவில் ஒரு விளையாட்டு கிளப்பில் வேலை வாங்கினேன். வேலை, வீரர்களின் உடல்வலுப் பயிற்சியாளர். விசாவில் போட்டிருந்தது, கிளீனர். தலைமைப் பயிற்சியாளர் ஐரோப்பாவிலிருந்து வருவார், பெரும்பாலும் வரமாட்டார். விடிவதற்குள் நான் எடைக் கம்பிகளைத் துடைத்து, பிடி வழுக்காமல் கையில் பூசும் சுண்ணப்பொடியை நிரப்பி வைப்பேன். முதலில் ஓட்டக்காரர்கள் வருவார்கள். உலகத்தையே முந்துகிற கால்கள், ஆனால் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனியமாட்டா. எனக்குத் தெரிந்து அவர்களுக்கு நான் கொடுத்த மிகக் கடினமான பயிற்சி, சொன்ன நேரத்துக்கு வரச் சொன்னதுதான்.

எடை தூக்குபவன் தாவூத் மட்டும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பான். ஏதோ மலைநாட்டில் டானியேலாகப் பிறந்தவன். போட்டிக்காக அவனை வாங்கிய நாடு, பாஸ்போர்ட்டோடு பெயரையும் புதிதாகக் கொடுத்துவிட்டது. "வீட்டுக்கு எழுதும்போது எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுகிறாய்?" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "அம்மாவின் மகன் என்று" என்றான்.

ஒருநாள் கிளப் முதலாளி புகைப்படக்காரர்களோடு வருவதாக இருந்தது. அவர் முன்னால் தாவூத் இதுவரை தூக்காத எடையைத் தூக்க வேண்டும் என்பது மேனேஜரின் ஆசை. தாவூதுக்கோ சில நாட்களாக இடுப்பில் வலி, ஒரு காலில் மரமரப்பு. கம்பியைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான், அப்படியே மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எழுப்பு இவனை" என்றார் மேனேஜர் என்னிடம்.

"முதுகு சரியில்லை. இன்றைக்குத் தூக்கினால் கால் விளங்காமல் போய்விடும்" என்றேன்.

"உன் விசாவில் கிளீனர் என்றுதான் இருக்கிறது. தரை துடைப்பவனுக்கு முதுகைப் பற்றி என்ன தெரியும்?"

என் பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில் இருந்தது. ஊரில் அம்மாவுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் சுவர்தான் எழும்பியிருந்தது, கூரை இல்லை. அப்படி நின்றபோது அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலம். அரசாங்கம் அறுவடைக் கூலியை உயர்த்தி உத்தரவு போட்டிருந்தது. அந்த அரசாங்கத்தை மாலை போட்டு வரவேற்றவரே எங்கள் மிராசுதார்தான். மேடையில் "உழைக்கும் மக்களே" என்று தொண்டை கட்டப் பேசுவார். ஆட்சி மாறினால் அவர் வேட்டிக் கரையின் நிறம் மாறும்; களத்தில் அளக்கிற மரக்கால் மாறாது. உத்தரவு பக்கத்து ஊருக்குத்தான் என்பதுபோல இருந்துவிட்டார். கதிர் முற்றிச் சாய்ந்த நேரம் பார்த்து, பெண்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"நெல்லு கொட்டுதுடி, எந்திரிங்க!" என்று கத்தினார் மிராசுதார்.

"உங்க கவர்மெண்டுதானுங்களே சொல்லிச்சு? அது சொன்னதக் குடுங்க, எந்திரிக்கிறோம்" என்றாள் அம்மா.

போலீஸ் வேன் வந்தது, வெளியூர் ஆட்களோடு லாரி வந்தது. லாரியில் வந்தவர்களும் விஷயம் கேட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசியில் கொடுத்தார். கொடுத்ததை அடுத்த பொதுக்கூட்டத்தில் தன் சாதனையாகவும் சொல்லிக்கொண்டார்.

நானும் தாவூதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீரத்தினால் என்று எழுத ஆசைதான். மேனேஜருக்கு எதிரே தனியாக நிற்கப் பயம் என்பதே உண்மை. தாவூத் சற்றே நகர்ந்து இடம் விட்டான்.

முதலாளி வந்தார். உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, இதுவும் பயிற்சியில் ஒரு வகை என்று நினைத்தாரோ என்னவோ, அங்கியைச் சுருட்டிக்கொண்டு எங்கள் நடுவில் அமர்ந்தார். படம் எடுத்தார்கள். கம்பியின் எடையைக் கேட்டார், கைதட்டினார், போய்விட்டார். யாரும் எதையும் தூக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. மேனேஜர் எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விசா சொன்ன வேலை எனக்குக் கிடைத்தது: துடைப்பம். வேறு ஆள் அகப்படாததால் சில வாரம் கழித்து எடை அறைக்கே திரும்ப அழைத்தார்கள். தாவூதை அந்தப் பருவம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். தன் காலால் நடந்தே விமானம் ஏறினான். பெயரை மட்டும் அந்த நாடு திரும்ப வாங்கிக்கொண்டது.

அந்த எடை அறை இப்போது துணிக்கடை என்கிறான் அங்கிருக்கும் நண்பன். இங்கே மிராசுதாரின் களம் மனை மனையாகக் கல் நட்டுக் கிடக்கிறது. மிச்ச வயலில் அறுவடை இயந்திரம் வந்து, அம்மா டீ குடித்து முடிப்பதற்குள் அறுத்துவிட்டுப் போகிறது.

"இப்பல்லாம் வரப்புல யாரும் உக்காருறதில்லையாம்மா?" என்று போன வாரம் கேட்டேன்.

"உக்காரணும்னா பக்கத்துல ஆளு வேணும்ல?" என்றாள் அம்மா. "எல்லாம் திருப்பூர்ல கெடக்குது."