பூசணிக்காய் வாங்கிக்கொண்டவர்

நாடும் நாடும் எப்படி உறவாட வேண்டும் என்பதை ஜெனீவாவில் படித்துவிட்டு வந்தவர் என்று சொல்லித்தான் அவர் எங்கள் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான நான் அவரைத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகக் கூட்டிப்போனேன். நெட்டையான மனிதர், வெள்ளைக் கோட்டு, யாழ்ப்பாணப் பேச்சு. யாரைக் கண்டாலும் கைகொடுப்பார். பெண்கள் கூச்சத்தோடு நீட்டிய, கொழுந்துக் கறை படிந்த கையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பிறகு துடைத்துக்கொள்ள மாட்டார்.

"உங்கட கஷ்டத்தை உலகத்துக்குச் சொல்லுவன்," என்றார்.

நம்பினோம். அரிசி போதாமல் லயத்துக்குப் பின்னால் பூசணி போட்டிருப்பதைக் கொழுந்து பறிக்கும் மாரியாயி அவருக்குக் காட்டினாள். "வெறுங்கையோட போகாதீங்க ஐயா," என்று ஒரு காயையும் பறித்துக் கொடுத்தாள்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. தோட்டத்துத் துரைமார் சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். கண்டியில் நடந்த விசாரணைக்கு எங்கள் ஆட்களோடு நானும் போனேன். துரைமார் பக்கத்துக் கதிரையில், அவர்களுக்காகப் பேச அமர்த்தப்பட்டவராக, அவர் இருந்தார். தொழிலாளர்களுக்குக் காய்கறிச் செலவே இல்லை, லயத்துக்குப் பின்னால் பூசணி விளைவதை நேரில் கண்டேன் என்று நிதானமாக இங்கிலீஷில் சொன்னார்.

சம்பளம் குறைந்தது.

வாசலில் அவரை மறித்தேன். "அது மாரியாயி குடுத்த காய், ஐயா."

"ஓம் மாஸ்டர். நான் படிச்ச படிப்புக்கு இஞ்ச வேற ஆர் வேலை தந்தவை?" என்றபடி கையை நீட்டினார். பழக்கத்தில் நானும் கொடுத்துவிட்டேன்.

அது பொய்யான பிடியாக இருந்திருந்தால் அன்றைக்கே அவரை வெறுத்து மறந்திருப்பேன். மாரியாயியின் கையைப் பிடித்த அதே வாஞ்சையோடுதான் என் கையையும் பிடித்தார்.