உறையாத படலம்

எங்கள் ஆய்வகத்தில் அவளைப் பசை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தண்ணீர் மாதிரி இருக்கிற கொலாஜன் புரதத்தில் கிராஸ்லிங்கர் என்ற ரசாயனத்தைக் கலந்து, இழையோடு இழையைக் கைகோக்க வைத்து, தீக்காயத்தின் மேல் போர்த்துகிற படலமாக்கித் தருவாள். அந்தப் படலத்தின்மேல் தோல் செல்களை வளர்ப்பது என் வேலை. எனக்கு வாய் நீளம். அவளுக்கு என்னைவிட ஒரு முழம் அதிகம்.

அந்தக் கிராஸ்லிங்கர் ஒரு சீமாட்டி. குடியிருப்பது உறைபெட்டியில். வெளியே எடுத்த கையோடு மூடியைத் திறந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தூளில் படிந்து மொத்தமும் பாழ். பாட்டிலின் வியர்வை அடங்குமுன் யாராவது தொட்டால், "கை என்ன அப்படித் துறுதுறுங்குது? காத்திருக்க முடியாதா?" என்று அக்கா கிழித்துத் தொங்கவிடுவாள்.

அப்படிப்பட்டவளே அன்றைக்குத் திறந்துவிட்டாள். ஆராய்ச்சிக்குப் பணம் தருகிற குழு மத்தியானம் வருவதாக இருந்தது, காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. துறைத்தலைவர் அவள் தலைக்குமேலேயே நின்று, "ஆச்சா? ஆச்சா?" என்று பிடுங்கினார். படலத்தைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. அவள் வேலையும் போகும், வேலையோடு கொடுத்த வீடும் போகும். அவள் புருஷன், எனக்கு மாமா, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் அந்த வீட்டில் படுத்திருக்கிறார்.

கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். கொலாஜன் தண்ணீராக ஓடியது.

"மோசம் போயிட்டேன்டி! பாட்டிலை அவசரத்துல திறந்துட்டேன்."

"வேற பாட்டில் இல்லையாக்கா?"

"எங்க இருக்கு? புதுசு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

அலமாரி பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினாள். அதற்குள் தலைவர் செல்களைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தவே, ஓடினேன்.

திரும்பி வந்தால் படலம் உறைந்திருந்தது! "அக்கா, போன உயிர் வந்துச்சு" என்றேன். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படலம் லேசாக மஞ்சளடித்திருந்தது. சந்தோஷத்தில் அது என் புத்தியில் ஏறவில்லை. குழுவில் வந்த அம்மாள் இடுக்கியால் இழுத்துப் பார்த்தார், கிழியவில்லை. "இன்னும் ஒரு வருஷம் தரலாம்" என்றார். தலைவருக்கு வாயெல்லாம் பல்.

"செல்லையும் இப்பவே போட்டுக் காட்டுங்களேன்" என்றார் அந்த அம்மாள். நான் பிப்பெட்டில் செல்களை உறிஞ்சினேன்.

"போடாதே" என்றாள் அக்கா.

"என்னம்மா சொல்றே?" என்றார் தலைவர்.

"கிராஸ்லிங்கர் ஈரம் பட்டுக் கெட்டுப்போச்சு சார். என் தப்புதான். குளூட்டரால்டிஹைடை ஊத்தி உறைய வச்சேன். அது எதையும் கெட்டியாக்கும். ஆனா இதுமேல போட்டா செல் செத்துப்போகும்."

அவள் காலை மிதித்தேன். அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தாள்.

தருவதாகச் சொன்ன ஒரு வருஷத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு குழு போனபிறகு அவளைக் கழுவுதொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். "உங்களுக்குப் பைத்தியமாக்கா? செத்தா செத்துட்டுப் போகுது, நான் மறுபடி வளர்த்துக்க மாட்டேனா? மாமாவை எங்க கொண்டு போவீங்க?"

"படலத்தை எல்லாரும் இழுத்துப் பார்த்துட்டாங்க. செத்திருந்தா, உன் செல்தான் சரியில்லன்னு உன்னைத் துரத்தியிருப்பாங்கடி" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சாயங்காலம் என்கூட வா. அவர்கிட்ட நீ சொல்லு. என்னால முடியாது."

போனேன். செருப்பைக் கழற்றுமுன்பே மாமா கட்டிலில் இருந்து தலையைத் தூக்கினார்.

"என்னம்மா, உறைஞ்சுதா?"