துணைக்குப் போகிறவளின் மூட்டை

ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் நாகர்கோவிலில் பஸ் ஏறினோம். திருவனந்தபுரத்துக்கு நாற்பத்திரண்டு மைல். ஆளுக்கு ஒன்றே கால் ரூபாய். என் கணவருக்கு நெடுநாளாக வயிற்றில் புண். கஞ்சியும் மோருமாகக் காலம் தள்ளி வந்தவர் முந்தின வாரம் ரத்தமாக வாந்தி எடுத்துவிட்டார். இனியும் தாமதித்தால் ஆபத்து, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே மகன் பம்பாயில் இருக்கிறான். துணைக்கு நான் ஒருத்திதான்.

கண்டக்டர் எங்கள் மூட்டைகளைப் பார்த்து, "என்னம்மா, வீடு மாறிப் போறதோ?" என்று கேட்டார். தலையணை, இரண்டு போர்வை, எனாமல் பேசின், பார்லி, ரசப்பொடி, வெந்நீர் போட அடுப்பு, பெரிய கூஜா, எல்லாம் அவருக்கு. எனக்கென்று கொண்டுபோனது இரண்டு புடவை. அவற்றையும் கூஜா ஆடாமல் இருக்கட்டும் என்று அதைச் சுற்றித்தான் செருகியிருந்தேன்.

தக்கலை தாண்டியதும் சாலையில் மழை வெட்டிய பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் கணவரின் கை வயிற்றுக்குப் போனது. மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சொல்லவேண்டும் என்று குழித்துறைப் பாலம் வரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாய் வரவில்லை. அந்நிய ஆண்களிடம் பேசிப் பழக்கமில்லாதவள். கடைசியில் கண்டக்டரே கவனித்து, "அண்ணே, பதுக்கெ போ. உள்ளே சுகமில்லாத ஆள் இருக்கு" என்று குரல் கொடுத்தார். நெய்யாற்றின்கரையில் எல்லோரும் இறங்கிச் சாயா குடித்தார்கள். நாங்கள் இறங்கவில்லை. பாலராமபுரத்தில் தறிச் சத்தம் கேட்டது. கரமனைப் பாலம் தாண்டி ஊருக்குள் நுழையும்போது மணி பத்தரை. அங்கிருந்து ஜட்கா வண்டிக்கு எட்டணா. வண்டிக்காரர் பதினாலு சக்கரம் கேட்டுவிட்டு, பிறகு அவரே அணாவாக மாற்றிச் சொன்னார். திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு போய்விட்டாலும் பேச்சில் இன்னும் போகவில்லை.

ஆண்கள் வார்டில் நீளமாக இரண்டு வரிசைக் கட்டில்கள். நோயாளிக்கு ஒருவர் துணை இருந்தே ஆகவேண்டும். பகலில் கட்டிலருகே இருக்கலாம். இருட்டினால் பெண்கள் வெளி வராந்தாவில் பாய் விரிக்க வேண்டும். நான் பாய் கொண்டுபோகவில்லை.

பக்கத்துக் கட்டிலில் போனக்காடு தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர், லாரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடந்தார். அவர் மனைவி செவந்தி துணைக்கு இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெற்றோர் காலத்தில் மலையேறிய குடும்பம். அவளிடம் தோட்டத்துக் கம்பளி, பாய், ஒரு டின் அவல், கருப்பட்டி, தேயிலைத்தூள் எல்லாம் இருந்தன. மதியம் புருஷன் வலியில் முனகிக்கொண்டிருக்கையில் அவள் கட்டிலடியில் உட்கார்ந்து ஊறவைத்த அவலை நிதானமாகச் சாப்பிட்டாள். நான் பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது போலும்.

"என்னக்கா பாக்குதிய? அவருக்குக் காலுதான் ஒடிஞ்சிருக்கு, எனக்கு வயிறா ஒடிஞ்சிருக்கு?" என்றாள். கட்டிலில் கிடந்த மனிதர் முனகலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் இலையில் உட்காருவேன். யாரும் சொல்லி வந்த வழக்கமில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படியே வந்துவிட்டது. ஆபரேஷனுக்காக அன்று மாலை முதல் அவருக்கு ஆகாரம் நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. நடுவில் அவருக்குக் கொஞ்சம் பார்லித் தண்ணீர் கொடுத்தார்கள், மிச்சத்தை நான் குடித்தேன். வாசலுக்கு எதிரே ஓட்டல் இருந்தது. பத்தணாவுக்கு நல்ல சாப்பாடு என்று செவந்தி சொன்னாள். ஆனால் ஓட்டலுக்குள் தனியாகப் போய் ஆண்களுக்கு நடுவே உட்காருவதை நினைத்தாலே உடம்பு கூசியது. பட்டினி எனக்கு ஒரு வகையில் சௌகரியமாகவும் இருந்தது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் மழைச் சாரலில் நின்றேன். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பதினொன்றரைக்குப் பெரிய டாக்டர் வந்து, "முடிஞ்சு. நல்லாச் செய்திருக்கு. இனி நீங்க பாத்துக்கணும்" என்று போய்விட்டார். எதைப் பார்த்துக்கொள்வது என்பதை நர்ஸ்தான் சொன்னார். "ஒரு துள்ளி வெள்ளம் வாயிலே போகக் கூடாது. தையல் விட்டுப்போச்சுன்னா பின்னே ஆளைக் கிட்டாது, கேட்டோ? எத்தனை கெஞ்சினாலும் கொடுக்காதீங்க. பஞ்சை நனைச்சு உதட்டிலே வைக்கலாம். அவ்வளவுதான்."

ஆக என் வேலை ஒன்றே ஒன்று: தண்ணீர் கொடுக்காமல் இருப்பது. மயக்கம் தெளிந்ததிலிருந்து அவர் கேட்க ஆரம்பித்தார். "ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு பிள்ளே." கையில் ஊசி ஏற்றிக் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு கை என் முந்தானையைப் பிடித்திருந்தது. இத்தனை காலத்தில் அவர் என்னிடம் கெஞ்சிக் கேட்டதில்லை. பஞ்சை நனைத்து நனைத்து வைத்தேன். இரவு நர்ஸ் என்னை வெளியே அனுப்பியபோது ஈரச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியே கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம். நல்ல புழுக்கம். பஞ்சை நனைக்கக் கூஜாவை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தேன். குனிந்து நிமிர்ந்தேன். வார்டு முழுவதும் மஞ்சளாகத் தெரிந்தது. அதன்பிறகு தெரியவில்லை.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். புடவை நனைந்திருந்தது. தலைமேல் செவந்தியின் குரல்: "ஐயா, கையை எடுங்க! எடுங்கன்னா!" நான் விழுந்ததும் அவர் தம் நல்ல கையை நீட்டிக் கூஜாவின் கழுத்தைப் பிடித்து வாயருகே இழுத்துவிட்டார். செவந்தி தாவி வந்து பறித்ததில் தண்ணீர் என்மேல் கொட்டியிருக்கிறது. அவர் உதட்டில் பட்டதா, உள்ளே போனதா என்று யாருக்கும் தெரியவில்லை. நர்ஸ் ஓடிவந்து அவர் வயிற்றுக் கட்டைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு எழுந்திருக்கக்கூடப் பலமில்லை.

"வெள்ளம் உள்ளே போகலை. தப்பிச்சு" என்ற நர்ஸ், பிறகு என் பக்கம் திரும்பினார். "நிங்க எப்போ சாப்பிட்டது?"

"அவிய சாப்பிடாம நான் எப்பிடி..." என்றேன்.

"அது சரி! இவிடெ வேறே கட்டில் இல்லா. ரெண்டு பேரையும் ஒண்ணிலே கிடத்தட்டே?"

வார்டில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தரையோடு ஒட்டிப்போனேன். செவந்தி சிரிக்கவில்லை. வராந்தா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தன் கஞ்சியை ஒரு லோட்டாவில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். "குடியக்கா. இன்னும் ரெண்டு நாளு இந்தக் கூஜாவுக்குக் காவலிருக்கணும். அதுக்காவது குடி."

வாங்கிக்கொண்டேன். ஆனால் தண்ணீருக்குத் தவிக்கிறவர் பக்கத்தில் எப்படிக் குடிப்பது? சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். லோட்டாவை உதட்டருகே கொண்டுபோனேன்.

"திங்கக்கிழமையிலேருந்து ஒண்ணும் திங்கலியா நீ?" என்று கணவர் கேட்டார். பலமில்லாத குரல்.

"இந்தப் பக்கம் திரும்பு."

திரும்பினேன்.

"நான் பாக்கேன், குடி."

அவர் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. முடித்து லோட்டாவைக் கீழே வைத்ததும் அவர் கேட்டார்: "உப்புக் காணுமா?"

உப்புப் போதுமா என்று தினமும் இலை முன்னால் நின்று நான் அவரிடம் கேட்கும் கேள்வி அது. தலையை ஆட்டினேன். அதன்பிறகு மாலை வரை அவர் தண்ணீர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து செவந்தியும் நானும் முறை வைத்துக்கொண்டோம். நான் சாப்பிடும்போது இரண்டு கட்டிலையும் அவள் பார்ப்பாள். அவள் தூங்கும்போது நான். அவள் பாயில் பாதி எனக்கு. வெள்ளிக்கிழமை அவளோடு சேர்ந்து ஓட்டலுக்குள்ளும் போனேன். குழம்பு நன்றாகவே இருந்தது. சனிக்கிழமை அவருக்கு ஒரு கரண்டி ஆரஞ்சுச் சாறு கொடுக்கச் சொன்னார்கள். ஒரு சொட்டும் சிந்தாமல் ஊட்டினேன்.

பதினைந்தாம் நாள் கிளம்பினோம். செவந்தியின் புருஷனுக்கு இன்னும் மாவுக்கட்டுப் பிரிக்கவில்லை. எங்கள் அடுப்பையும் தலையணையையும் அவளிடம் விட்டுவிட்டு வந்தேன். அவள் பதிலுக்கு ஒரு பொட்டலம் தேயிலைத்தூள் கொடுத்தாள். நெய்யாற்றின்கரையில் பஸ் நின்றதும் இறங்கிப் போய் எனக்கு ஒரு சாயா வாங்கிக் குடித்தேன், ஓரணா.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் அநேகம். நோயாளிக்கு வேண்டியதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. உங்களுக்கும் ஒரு பாய், நாலு நாளைக்குக் காணும் அவல், கொஞ்சம் கருப்பட்டி கட்டிக்கொள்ளுங்கள். போனதும் பக்கத்துக் கட்டில்காரியிடம் பேசிவிடுங்கள். கூச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் இப்போதும் அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுகிறேன். பழகிவிட்டது. ஆனால் அவர் கை கழுவிவிட்டுப் போய்விடுவதில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நிலைப்படியில் நிற்கிறார். தை மாதம் காட்ட வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றே பெட்டியை எடுத்து வைத்தேன். முதலில் என் அவல் டின்னை அடியில் வைத்தேன். மிச்ச இடத்தில் அவருடைய சாமான்களை வைக்கவேண்டும்.