பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு மசாஜ் நாற்காலி

விலையைக் குறைத்தால் பொருள் விற்றுவிடும் என்று நான் நம்பினேன். வேறு யாராவது இப்படி நம்பினால் மன்னித்துவிடலாம். நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் இருபத்தாறு வருடமாக வேலை பார்ப்பவன். கப்பலில் வந்திறங்கும் சரக்கு இன்ன விலை என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. விலை குறைவாக இருந்தால் சுங்க அதிகாரி சந்தோஷப்படமாட்டார், கன்டெய்னரைத் திற என்பார். இதைத் தினமும் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

விற்க வேண்டியிருந்தது ஒரு மசாஜ் நாற்காலி. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதுகு வலியோடு மதுரையில் ஒரு பொருட்காட்சிக்குள் நுழைந்தேன். அங்கே ஒருவர் என்னை அதில் கால் மணி நேரம் உட்கார வைத்தார். எழுந்தபோது மாதத் தவணைப் படிவத்தில் என் கையெழுத்து இருந்தது. சினை எருமை அளவுக்கு, கறுப்பாக, வீட்டின் பின்னறையை அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது அது. முதல் மாதம் அதில் நான் இருந்தேன். அப்புறம் இட்லி அரிசி மூட்டை இருந்தது.

இப்போது மகளுக்கு எட்டயபுரத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அன்றைக்கே அவளைப் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வரவேண்டும். கட்டில் போட இடமும் ஒட்டினாற்போல் கழிவறையும் உள்ளது அந்தப் பின்னறை ஒன்றுதான். மனைவி மூன்று வாரம் கெடு வைத்தாள்.

"பிள்ள வந்து படுக்கணும். அதுக்குள்ள அது போகலன்னா, நீங்களும் அதுவும் வெளிய படுத்துக்கிடுங்க."

சரி, விற்றுவிடுவோம் என்று பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். படம் போட்டாயிற்று, 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியாயிற்று. விலை என்ற கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. காரணம் உண்டு. நாற்காலியை நான் வாங்கியது ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு. மனைவியிடம் சொல்லியிருந்தது எழுபதாயிரம். எண்பத்தைந்து என்று போட ஆசைதான். எழுபதுக்கு வாங்கிய பழசை எண்பத்தைந்துக்கு விற்கும் சாமர்த்தியம் எனக்கு உண்டென்று அவள் நம்பமாட்டாள். அதனால் அறுபத்தைந்து என்று போட்டேன். ஊரில் எவனும் என்னிடம் பேரம் பேசுவதற்கு முன்னாலேயே என் பொய் என்னிடம் பேரம் பேசி இருபதாயிரத்தைக் குறைத்துவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தது அநியாயம். வணக்கம் கிடையாது, பெயர் கிடையாது, எடுத்த எடுப்பில் 'லாஸ்ட் பிரைஸ்?' இன்னும் முதல் விலையே பேசவில்லை, அதற்குள் கடைசி விலை! ஒருவர் எட்டாயிரம் என்றார். எட்டாயிரத்துக்கு அதன் ஒரு கை வருமா என்று கேட்டேன். இடது கையா, வலது கையா என்று திருப்பிக் கேட்டார். வேம்பாரிலிருந்து ஓர் உப்பள முதலாளி அழைத்து, "பணமா இல்ல அண்ணாச்சி, ரெண்டு டன் உப்பு எறக்கித் தாரேன்" என்றார். நான் அதையும் ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னால் தாங்கமுடியவில்லை.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். நெற்றி நிறைய நாமம், நிதானமான பேச்சு. இவர்தான் நம் ஆள் என்று மனசுக்குள் விற்றே விட்டேன். அவர் உட்கார்ந்து ஒரு சுற்று முடித்தார். அம்மாள் ஒரு சுற்று. கழுத்து சரியாகப் பிடிபடவில்லை என்று அவர் மறுபடி ஒரு சுற்று. நடுவில் காபி. கடைசியில் எழுந்து தோளைக் குலுக்கிப் பார்த்து, ரொம்பச் சுகமாக இருக்கிறது, ஆனால் இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்றார். மறுவாரமும் வரலாமா என்று அம்மாள் என் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் இப்படியே கரைந்தது. வளைகாப்புக்கு இன்னும் ஆறே நாள். எட்டு மாசக் கர்ப்பத்தோடு பிள்ளை வந்து எங்கே படுப்பாள்? சம்பந்தி வீட்டார் கொண்டுவந்து விட வருவார்களே, பின்னறையில் எருமையைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்தாயிரம் என்று மாற்றினேன்.

சோற்றில் ரசம் ஊற்றுவதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. விற்றது சரக்கு என்று எடுத்தேன். அழைத்தவர்களில் ஒருவர்கூட நாற்காலி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "எத்தன பீஸ் இருக்கு?" என்றார் ஒருவர். ஒன்றுதான் என்றேன். மீதியெல்லாம் எங்கே போயிற்று என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஹார்பர் சரக்கா அண்ணாச்சி? பில்லு இல்லன்னாலும் பரவால்ல. ஆனா வெல இன்னும் கொறையணும்லா" என்றார். திருட்டுப் பொருளுக்குத் தள்ளுபடி கேட்கிறார்!

எனக்கு ரத்தம் கொதித்தது. இருபத்தாறு வருடம்! அந்தத் துறைமுகக் கேட்டைத் தாண்டி ஒரு குண்டூசி கொண்டுவந்தவனில்லை நான். எப்படி இப்படி நினைக்கலாம் இவர்கள் என்று செயலியைத் திறந்து பார்த்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் என் படம். மஞ்சள் ஹெல்மெட், பின்னால் ஐந்தடுக்குக் கன்டெய்னர், முகத்தில் இளிப்பு. வேலையிடத்தில் எடுத்ததில் நன்றாக விழுந்தது அது ஒன்றுதான் என்று நானே வைத்தது. அதற்குக் கீழே ஒரு லட்ச ரூபாய் நாற்காலி, பதினைந்தாயிரத்துக்கு.

அந்த நேரத்தில் வந்தது அந்த அழைப்பு. கனமான குரல். அண்ணாச்சி இல்லை, சார் இல்லை. பொருள் எப்போது வாங்கியது? எங்கே? பில் இருக்கிறதா? பின்பக்கத் தகட்டில் வரிசை எண் இருக்குமே, அழியாமல் இருக்கிறதா? எங்கே வேலை? சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பீர்களா? எல்லாவற்றுக்கும் ஆமாம் சார், ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகுதான் அவர் யார் என்று கேட்கவில்லை என்பது உறைத்தது. கேட்க என்ன இருக்கிறது? போலீஸ். இல்லையென்றால் சுங்கத்துறை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். போகிற வழியில் ஒரு யோசனை. திருட்டுச் சரக்கை எவனாவது அறுபதாயிரம் சொல்லுவானா? ஸ்கூட்டரை ஓரம் கட்டி, விலையை அறுபதாயிரமாக ஏற்றினேன். மனசு கொஞ்சம் ஆறியது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"களவாண்டவன் வெலய ஏத்திட்டா நல்லவனாயிருவானா?" என்றாள் அவள். "பில்ல எடுத்து வைங்க, முடிஞ்சுது."

அங்கேதான் முடியவில்லை. பில்லை எடுத்தால் போலீஸிடம் தப்பிக்கலாம், மனைவியிடம் தப்பிக்க முடியாது. எடுக்காவிட்டால் கதை தலைகீழ். மகள் வளைகாப்புக்கு அப்பன் லாக்கப்பில் இருந்து வருவது ஒருபக்கம், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று அச்சடித்த காகிதம் மறுபக்கம். நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டு, உப்புக் காற்றில் அரித்துப்போன தகட்டைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே யோசித்தேன். ஏழு எது, ஒன்று எது என்று தெரியாமல் கிடந்தது அந்த எண். கண்ணீர் வராத குறை.

சரியாக ஆறு மணிக்கு அவர் வந்தார். ஒட்ட வெட்டிய முடி, பழுப்பு நிற ஷூ, கையில் ஒரு ஃபைல். குனிந்து டார்ச் அடித்து எண்ணைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். பில் என்று கை நீட்டினார். நான் பில்லை எடுக்கவில்லை, வாயைத் திறந்தேன். சார், நான் அப்படிப்பட்டவன் இல்லை, இத்தனை வருடத்தில் பால்பாயின்ட் பேனா கொஞ்சம் எடுத்திருக்கிறேன், உடைந்த மரப் பலகை நாலு எடுத்திருக்கிறேன், அதோ அந்தச் செருப்பு அலமாரி அதில் செய்ததுதான், ஒரு தார்ப்பாயும் உண்டு, ஆனால் அது கிழிந்தது என்று கொட்டிவிட்டேன். அவர் செருப்பு அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்ன செய்யுது?" என்றார்.

திருச்செந்தூர் சாலையில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறாராம். போன வருடம் யாரிடமோ மலிவாக ஒரு கருவி வாங்கி, அது திருட்டுப் பொருளாகிப்போய், ஸ்டேஷனுக்கு நாலு நடை நடந்தவராம். "பதினஞ்சுன்னு பாத்ததும் பயந்துட்டேன். போன்ல கேட்டப்புறமும் விட்டுருவோம்னுதான் இருந்தேன். அப்புறம் பாத்தா அறுபதுன்னு இருக்கு. சரி, நல்ல எடத்துப் பொருள்தான் போலன்னு வந்தேன்" என்றார். பில் மட்டும் இருந்தால் இப்போதே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பீரோவில் பழைய மின்கட்டண அட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த பில்லை எடுத்து நீட்டினேன். அவர் கைக்குப் போகும் வழியில் மனைவி அதை வாங்கிக்கொண்டாள். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தாள். பிறகு அவரிடம் கொடுத்து, "இது லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்குனது தம்பி. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

அவர் நாற்பதில் ஆரம்பித்தார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள், நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். அரை மணி நேரம் பேசினார்கள். ஐம்பத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது. பணம் அவள் கணக்குக்குப் போயிற்று. மறுநாள் காலையில் குட்டி யானை வண்டியில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னறையைக் கழுவிவிட்டு, கட்டிலைப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள், வந்ததும் அதில் படுத்துத் தூங்கினாள்.